ஓட்டியவர் பெயர்

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன சர்வேயர் பத்தரை ஆகியும் வரவில்லை. அதில் சாமியாத்தாளுக்குத் துளி வருத்தமும் இல்லை. வந்தால்தானே கேட்பார், கேட்டால்தானே சொல்ல வேண்டும். பெரோஸ் பாயின் ஒர்க்‌ஷாப்பில், பழைய வேனிலிருந்து கழற்றிய நீளச் சீட்டு ஒன்றைச் சுவரோரம் போட்டு வைத்திருந்தார்கள், அதில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மூலையில் பஞ்சு பிதுங்கிக் கிடந்தாலும் உட்கார எத்தனை சுகம். மாரியாத்தா நோம்பி சாட்டின நாளிலிருந்து இன்றைக்கு இருபத்துமூணு நாளாகிறது, இந்த இருபத்துமூணு நாளில் இப்படி ஒரு வேலையும் இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த நேரம் உண்டா என்று கணக்குப் பார்த்தாள், இல்லை, ஒறம்பரைச் சனம் வந்ததும் போனதும், மாவு இடித்ததும், அண்டா கழுவினதும்தான். பாய் டீ வாங்கிக் கொடுத்திருந்தார். சர்க்கரை தூக்கலான டீ, ஏலக்காய் ஒன்று தட்டிப் போட்டிருந்தான் கடைக்காரன், பரவாயில்லை, பொள்ளாச்சியிலும் மனுசன் இருக்கிறான். எதிரே ரோட்டுக்கு அந்தப்பக்கம் புளியமரத்தடியில் அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, அவர்களுடைய வாடகைக் காரைக் கட்டி இழுத்துவந்த ரெக்கவரி வண்டிக்காரனோடு நாயம் பேசிக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வருசமாக ஸ்டீரிங்கைப் பிடித்த கை, பேசும்போதுகூட ஒரு கை காற்றில் வளைந்து திரும்பும். இன்னும் என்னத்தைத் திருப்புகிறாரோ. சர்வேயர் என்றால் அவளுக்குத் தெரிந்தது சங்கிலி பிடித்து நிலம் அளக்கிற ஆள்தான். திங்கட்கிழமை இன்சூரன்ஸ் ஏஜென்ட் மயில்சாமி, "சர்வேயர் வந்து பாப்பாருங்கக்கா" என்றபோது, வண்டி மேலே தேங்காய்க்குலை விழுந்ததற்குத் தோட்டத்தை எதற்கு அளக்க வேண்டும், வரப்புச் சண்டையெல்லாம் மாமனார் காலத்தோடு தீர்ந்ததாச்சே என்று பதறிப்போனாள். அடிபட்ட வண்டியைப் பார்த்துக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கிறவர் என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. வந்த மூச்சு உடனே நின்றும்போயிற்று, ஏனென்றால் அடுத்த வார்த்தையை மயில்சாமி இப்படிச் சொன்னான்: "வண்டி உங்க பேர்ல இருக்குதுங்கக்கா, நீங்கதான் பதில் சொல்லோணும்."

இது அந்த ஜோசியக்காரன் செய்த வேலை. ஒன்பது வருசத்துக்கு முன்னால் வண்டி எடுக்கப் போகும்போது, நாச்சிமுத்துவின் ஜாதகத்தில் வாகன யோகம் இல்லை, அம்மிணி ஜாதகத்தில் அள்ளிக்கொண்டு கிடக்கிறது என்று சொல்லிவிட்டான். வாகன யோகம் இல்லாத மனுசன் காலம் பூராவும் ஓட்டிக்கொண்டிருந்தார், யோகம் உள்ளவளுக்கு சைக்கிள் மிதிக்கவும் தெரியாது. ஆனாலும் ஆர்.சி. புத்தகத்தில் தன் பேர் அச்சடித்து வந்தபோது எடுத்து எடுத்துப் பார்த்தாள், மறைப்பானேன், சந்தோசமாகத்தான் இருந்தது. இப்போது அந்தச் சந்தோசத்துக்கு வட்டி கட்டுகிற நாள். எஃப்.சி. இருக்குதுங்களா என்றுதான் முதலில் கேட்பார். வாடகை வண்டி ரோட்டில் ஓட லாயக்குத்தான் என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் பார்த்துக் கொடுக்கிற காகிதம் அது, வருசா வருசம் வண்டியைக் குளிப்பாட்டி, பெயிண்ட் அடித்து, கல்யாணப்பெண்ணைக் கூட்டிப்போவது மாதிரி கூட்டிப்போய்க் காட்டி வாங்கி வர வேண்டும். எட்டு வருசம் ஒரு நாள் தவறினதில்லை. இந்த வருசம் போன வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. குலை விழுந்தது ஞாயிற்றுக்கிழமை. நடுவில் ஒரே ஒரு சனிக்கிழமை, அந்தச் சனிக்கிழமைதான் இப்போது நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. முன்னாலேயே போயிருக்கலாமே என்று கேட்பார். போயிருக்கலாம்தான். ஆனால் மாரியாத்தாளுக்குக் கம்பம் நட்டாச்சு, நாச்சிமுத்து பூவோடு என்கிற தீச்சட்டி எடுக்கிறதாக வேண்டிக்கொண்டு கையில் காப்புக் கட்டியாச்சு, காப்புக் கட்டினவன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, ஆர்.டி.ஓ. ஆபீஸ் எல்லைக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. இதைக் கோயமுத்தூரிலிருந்து வருகிற சர்வேயருக்கு எந்த வாயால் விளக்குவது. கம்ப்யூட்டரில் கிடைத்த தேதி சரியாக மாவிளக்கு புதன்கிழமை. அதை விட்டால் அடுத்தது திங்கள். "நடுவுல சனி ஞாயிறு ரெண்டு நாளுதான், வண்டி எங்கயும் போகப்போறதில்ல, தோட்டத்துல சாளை வீட்டு முன்னால நிக்கப்போகுது, நின்ன வண்டிக்கு என்ன எஃப்.சி." என்றார் நாச்சிமுத்து. ஆமாங்க என்றாள் அவளும். இரண்டு பேரும் சேர்ந்துதான் ஆமாம் போட்டார்கள், ஒருத்தர் மேல் ஒருத்தர் பழி போட வழியில்லாமல் போயிற்று, அதிலும் ஒரு நிம்மதி.

மயில்சாமிக்கு நல்ல மனசு. அவன் சொன்ன யோசனையும் நல்ல மனசில் சொன்னதுதான். "அக்கா, வியாழக்கிழமையே விழுந்துருச்சுன்னு சொல்லிப்போடுங்க. வியாழக்கிழமைன்னா எஃப்.சி. உசுரோட இருக்குது, ஒரு கேள்வி இல்ல. ஞாயித்துக்கிழமைன்னு வாயத் தொறந்தீங்க, ஃபைலைக் கட்டி மூடிருவாங்க." வியாழக்கிழமைங்க. வியாழக்கிழமைங்க சார். காலையில் பல் விளக்கும்போது சொல்லிப் பார்த்தாள், மாட்டுக்குத் தவிடு கலக்கும்போது சொல்லிப் பார்த்தாள், மாடு நிமிர்ந்து பார்த்தது. ஏழு எழுத்து சேர்ந்த ஒரு கிழமை வாயில் இப்படியா முரண்டு பிடிக்கும். வியாழக்கிழமை என்றதும் மஞ்சள் தண்ணிதான் முன்னால் வந்து நிற்கிறது, ஊரே ஒருத்தர் மேல் ஒருத்தர் ஊற்றிக்கொண்டு திரிந்த நாள், மருமகன் சட்டையில் மகள் கோகிலா ஒரு குடத்தைக் கவிழ்த்துவிட்டு ஓடினது, அவர் திருப்பூர்க்காரர், பழக்கமில்லை, வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார் பாவம். அன்றைக்கு வண்டி தகரக் கொட்டகைக்குள் மாவிலைத் தோரணத்தோடு நல்லபடியாக நின்றது. அதன் மேல் கொண்டுபோய் ஒரு குலையை எப்படிப் போடுவது. பொய் சொல்லவே மாட்டாள் என்று இல்லை, சொல்வாள், பால்காரரிடம் மாடு வற்றிப்போச்சு என்று சொல்லியிருக்கிறாள், சீட்டுக்காரியிடம் தலைவலி என்று சொல்லியிருக்கிறாள். ஆனால் ஒரு நாளையே பெயர்த்தெடுத்து இன்னொரு நாள் மேல் வைக்கிற அளவுக்குச் சாமர்த்தியம் போதாது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். கம்பெனி கையை விரித்தால் வண்டியைச் சரிபண்ண வழியில்லை, கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். அப்புறம் ஐம்பத்தெட்டு வயசில் நாச்சிமுத்து திருப்பூரில் மருமகன் பார்த்து வைத்திருக்கிற பனியன் கம்பெனி வேனில் ஏறி, விடிகாலையில் ஆள் ஏற்றி, இன்னொருத்தன் விசிலுக்குக் கிளம்ப வேண்டும். மருமகன் தங்கமானவர், அன்பாகத்தான் சொன்னார். நாச்சிமுத்து காப்பு அவிழ்த்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, "பாக்கலாங்க மாப்ள" என்றார். அந்தப் பாக்கலாம் சாமியாத்தாளுக்கு ராத்திரியெல்லாம் முள்ளாகக் குத்திற்று.

டம்ளரின் அடியில் தேங்கிய சர்க்கரையை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டாள், ஐம்பத்துமூணு வயசுக்காரி பொது இடத்தில் செய்கிற காரியமா இது, யார் பார்த்தார்கள். ஷெட்டுக்குள் எங்கேயோ தகரத்தை ஒரு சீராகத் தட்டிக்கொண்டிருந்தார்கள், டக், டக், டக், கண்ணைச் சொருகியது. பிஞ்ச சீட்டின் ரெக்ஸின் வெயிலுக்கு இதமாகச் சூடேறியிருந்தது. அவளுடைய வண்டி பின்னால்தான் நிற்கிறது, நாலு அடி தள்ளி, முன்பக்கம் தார்ப்பாய் மூடி. வேண்டுமென்றுதான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் என்ன, பெரோஸ் பாய் பார்ப்பார், சர்வேயர் பார்ப்பார், படித்தவர்கள் பார்க்கட்டும். தென்னைக்குக் கண் உண்டு என்பார்கள். ஆனைமலையிலிருந்து உடுமலை வரைக்கும் இத்தனை லட்சம் மரம் நிற்கிறது, கீழே பிள்ளைகள் விளையாடுகின்றன, மாடு படுத்திருக்கிறது, கட்டிலைப் போட்டுக்கொண்டு மனுசன் தூங்குகிறான், பார்த்துத்தான் விழும். அது சத்தியம். அவளே கண்ணால் கண்டிருக்கிறாள், மட்டை ஒன்று விழுந்து அவள் சின்ன வயசில் தாயக்கட்டம் ஆடிக்கொண்டிருந்த இடத்துக்குச் சரியாக ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. பிறகு எதற்கு மரத்தடியில் நிறுத்தினீர்கள் என்று கேட்டால், பெயிண்ட்டுக்காகத்தான். வெள்ளிக்கிழமை காலையில் காப்பை அவிழ்த்த கையோடு பெயிண்டரிடம் கொண்டுபோனார், சாயங்காலமே பளபளவென்று ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார், பானெட்டில் முகம் தெரிந்தது. ரெண்டு நாள் வெயில் படாமல் வையுங்கள், அனல் ஆகாது என்றான் பெயிண்டர். தகரக் கொட்டகைக்குள் வைத்தால் அடுப்பில் வைத்த மாதிரி. தென்னை நிழல்தான் குளிர்ச்சி. எஃப்.சி.க்குக் காட்டப் பெயிண்ட், பெயிண்ட்டைக் காப்பாற்ற மரம், மரம் பண்ணின கூத்து இது. சொன்னால் சிரிப்பார்கள். அவளுக்கே சிரிப்பு வந்தது, டம்ளரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள், வந்த சிரிப்பு பாதியில் எதிலோ தட்டி நின்றது, ஏனென்றால் கோழி நினைவுக்கு வந்துவிட்டது.

கோழிதான். ஈரம் சரியாகக் காயாத பானெட்டில் கோழி ஏறிக் கீறிவிடும் என்று நாச்சிமுத்து ஞாயிற்றுக்கிழமை பூராவும் காவல் இருந்தார். சும்மா காவல் இருக்கிற ஆளா, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து, டிரைவர் சீட்டைப் பின்னால் சாய்த்து, காலை டேஷ்போர்டு மேல் போட்டு, ரேடியோவை வைத்துக்கொண்டு, கோழி வந்தால் ஒரு ஹாரன். நாள் பூராவும் ஹாரன். இந்த மனுசனுக்கு அந்தச் சீட்டில் வருகிற தூக்கம் கட்டிலில் வராது. கோகிலா சாயங்காலம் திருப்பூர் கிளம்புகிறாள் என்று சாமியாத்தாள் வெல்லமும் மாவும் கலந்து எண்ணெயில் கச்சாயம் சுட்டுக்கொண்டிருந்தாள். மூன்றரை மணி இருக்கும். முதல் ஈடு எடுத்துவிட்டு, சூட்டோடு தின்றால்தான் கச்சாயம், ஆறினால் சவக்கென்று போய்விடுமே என்று வாசலைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். "ஏனுங்க, கச்சாயம் ஆறுது, வாங்க." ஒரே ஒரு குரல். இதைத்தான் அவள் மனசு திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறது. கல்யாணமான நாளிலிருந்து நாச்சிமுத்து ஒரு கூப்பாட்டுக்கு எழுந்து வந்தது கிடையாது. முதல் கூப்பாட்டுக்கு ஒன்றும் பேச மாட்டார், இரண்டாவதற்கு வர்றேன் என்பார், மூன்றாவதற்கு அவள் கரண்டியோடு வாசலுக்கே வந்து கத்தினால்தான் அசைவார். அவருடைய அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது இதையேதான். அன்றைக்கு மட்டும் ஒரே கூப்பாட்டில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் ஆச்சரியம்கூடப் படவில்லை, இரண்டாவது ஈடு மாவை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் வந்து மணையில் உட்கார்ந்து, தட்டை இழுத்து, முதல் கச்சாயத்தைப் பிட்டு, ஊதி, வாயில் வைக்கவில்லை, அதற்குள் வெளியே ஒரு சத்தம். இடி இல்லை, வெடி இல்லை, மூட்டையை எறிந்த மாதிரி ஒரு பொத், அதற்குப் பின்னால் கண்ணாடி. இருபது காய் பிடித்த குலை, மட்டையோடு. கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய், எங்கே போய்க் கிடந்தது என்றால், வேண்டாம், எங்கேயோ கிடந்தது, போகட்டும், டீ நல்ல டீ, இன்னொன்று கேட்டால் பாய் வாங்கித் தருவார். சாய்த்துப் போட்டிருந்த சீட்டில் கிடந்தது. தலை வைக்கிற இடத்தில். கோகிலா ஐயோ வண்டி என்று கத்தினாள், மருமகன் ஐயோ கண்ணாடி என்றார், ஊர்க்காரர்கள் ஓடி வந்து ஐயோ புதுப் பெயிண்ட் என்றார்கள். நாச்சிமுத்து பிட்ட கச்சாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சாமியாத்தாள் மட்டும் அடுப்படிக்குத் திரும்பிப்போய், எண்ணெய் கருகுகிறதே என்று அடுப்பை அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அதற்கப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எல்லாரும் எஃப்.சி. பற்றியே பேசினார்கள்.

சர்வேயர் பதினொன்றே காலுக்கு வந்தார், நாற்பது வயசு இருக்கும், வெயிலுக்குத் தொப்பி, கையில் காகிதம் வைத்த அட்டை. கடுகடுவென்று ஒருத்தரை நினைத்து வைத்திருந்தவளுக்கு, வந்ததும் வராததுமாக பாயிடம் தண்ணீர் கேட்டு ஒரு சொம்பை அண்ணாந்து குடித்த ஆளைப் பார்க்கப் பயம் பாதியாகக் குறைந்தது. தார்ப்பாயை விலக்கினார்கள். அவள் எழுந்து நின்றாள், வண்டிப் பக்கம் திரும்பாமல் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு. படம் எடுத்தார், குனிந்தார், பானெட்டின் குழியை விரலால் தடவினார், மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். "ஏங்கம்மா, எஃப்.சி. இருக்குதுங்களா?" வந்துவிட்டது. "முடிஞ்சுபோச்சுங்க." "என்னிக்கு முடிஞ்சுது?" "வெள்ளிக்கிழமைங்க." "குலை என்னிக்கு விழுந்துது?" தகரம் தட்டுகிறவன் அந்த நேரம் பார்த்தா தட்டுவதை நிறுத்த வேண்டும். புளியமரத்தடியில் நாச்சிமுத்துவின் கை காற்றில் வளைந்து திரும்பியது. வியா என்று நாக்கு எழுந்தது, எழுந்த நாக்கில் மஞ்சள் தண்ணியும் மாவிலையும் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையும் வந்து ஒட்டிக்கொண்டன. "ஞாயித்துக்கிழமைங்க சார், மூணரை மணிக்கு" என்றாள். சொன்னதும் உடம்பே லேசாயிற்று. பிறகு நிறுத்த முடியவில்லை, கம்பம், காப்பு, பூவோடு, புதன்கிழமை, பெயிண்டர், வெயில், நிழல், கோழி வரைக்கும் கொட்டிவிட்டாள். அவர் எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பானெட்டின் குழியைக் காட்டினார். "வியாழக்கிழமைன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேங்கம்மா. முந்தின நாள் தேதிதான் எல்லாரும் சொல்லுவாங்க. இங்க பாருங்க, புதுப் பெயிண்ட்டு பேந்த எடத்துல தேங்கா நாரு ஒட்டிருக்குது. உங்க காயிதத்தோட இருக்கற பெயிண்ட்டு பில்லு வெள்ளிக்கிழமை போட்டது. நீங்க வியாழன்னு சொல்லியிருந்தா நான் பேனாவ மூடிட்டுக் கெளம்பியிருப்பேன்." மயில்சாமியின் நல்ல மனசை ஒரு தடவை நினைத்துக்கொண்டாள். "அப்பக் கெடைக்குங்களா சார்?" "அது என் கையில இல்லீங்கம்மா. வெள்ளிக்கிழமை பெயிண்டர் பில்லுல எழுதின மீட்டரும் இப்ப இருக்கற மீட்டரும், உங்க தோட்டத்துக்கு வர்ற தூரத்தத் தவிர ஒண்ணும் கூடல. வண்டி ஓடல, நின்ன எடத்துல விழுந்துது, எஃப்.சி. இல்லாததால வந்த சேதம் இல்லைன்னு எழுதறேன். குடுக்கறதும் கொறைக்கறதும் ஆபீசுல. எனக்குத் தெரிஞ்சு மொத்தமா இல்லைன்னு சொல்ல மாட்டாங்க." அவ்வளவு போதும். வேனில் ஏறி விசிலுக்குக் கிளம்புகிற நாச்சிமுத்து அவள் மனசிலிருந்து ஒரு படி கீழே இறங்கினார்.

சர்வேயர் அட்டையைப் பானெட்டின் நெளியாத பக்கத்தில் வைத்துக்கொண்டு பாரத்தை நிரப்பத் தொடங்கினார், ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே. வண்டி எண். சொந்தக்காரர் பெயர். நடந்த இடம். நடந்த நேரம். கஷ்டமான கேள்வி தாண்டிவிட்டது என்று சாமியாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "விபத்து நடந்தப்ப வண்டிய ஓட்டியவர் பெயர்" என்று படித்தார் அவர், நிமிராமலே. "நின்ன வண்டிதான், இருந்தாலும் கேக்கோணும். டிரைவர் சீட்டுல ஆராச்சும் இருந்தாங்களா?"

அவள் அப்போதுதான் திரும்பி வண்டியைப் பார்த்தாள். கதவு திறந்து கிடந்தது. சாய்த்த சீட்டு சாய்த்தபடியே இருந்தது, தலை வைக்கிற இடம் கிழிந்து உள்ளே அமுங்கி, அதில் கண்ணாடித்தூள்.

"ஆருமில்லீங்க" என்றாள். குரல் தானாகப் பெரிதாக வந்தது, ரோட்டுக்கு அந்தப்பக்கம் நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். "ஆருமில்லீங்க சார்."

"சரிங்கம்மா, ஒரு கோடு போட்டர்றேன்."

"கோடு வேண்டாங்க. ஆருமில்லைன்னு எழுதுங்க."

அவர் அவளை ஒரு தடவை பார்த்தார், சீட்டை ஒரு தடவை பார்த்தார், பிறகு ஒன்றும் கேட்காமல் எழுதினார். அவள் கிட்டப் போய்ப் படித்தாள். ஓட்டியவர் பெயர், யாரும் இல்லை. இன்னொரு முறை படித்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்கவும் தோன்றவில்லை, அந்தப் பொம்பளை ஏன் அழுகிறாள் என்று ஒர்க்‌ஷாப்பே பார்த்தால் பார்க்கட்டும், அவளுக்கு அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் கம்பெனியிடமிருந்து வேறென்ன வந்தாலும் மேல்வரவுதான்.

சர்வேயர் போன பிறகு நாச்சிமுத்து ரோட்டைத் தாண்டி வந்தார். "என்ன கேட்டாரு?"

"எஃப்.சி. கேட்டாரு."

"என்ன சொன்ன?"

"நடந்ததச் சொன்னேன். கெடைக்கும்னுதான் சொல்லீட்டுப் போறாரு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏனுங்க, அன்னிக்கு எப்படி ஒரு கூப்பாட்டுக்கே எந்திரிச்சு வந்தீங்க?"

அவர் யோசித்தார். "பசிச்சுது" என்றார்.

அவ்வளவுதான். அவள் இன்னும் பெரிசாக எதையோ எதிர்பார்த்திருந்தாள், மாரியாத்தா தட்டி எழுப்பினாள், கனாக் கண்டேன், நெஞ்சு படபடத்தது என்று. பசித்தது, வந்தார். பசியைக் கொடுத்தவள் ஆர் என்று கேட்டால் மாரியாத்தாளிடமே திரும்பப் போய் நிற்க வேண்டும், அது அவளும் ஆத்தாளும் தனியாகப் பேசித் தீர்க்க வேண்டிய சங்கதி. நாச்சிமுத்து அதற்குள் மறுபடி புளியமரத்தடிக்குப் போய்விட்டார், பாதியில் விட்ட நாயத்தை முடிக்க வேண்டுமாம். அவள் சீட்டில் உட்கார்ந்தாள், இந்தத் தடவை வண்டியைப் பார்த்தபடி. தூரத்தில் ஊருக்குப் போகிற பஸ் வருவது தெரிந்தது.

"ஏனுங்க, பஸ்ஸு வருது, வாங்க."

அவர் திரும்பவில்லை.

"ஏனுங்க."

"வர்றேன்" என்றார், கை காற்றில் வளைந்தது, பேச்சு நிற்கவில்லை. பஸ் வந்து நின்று, ஒரு கிழவரை இறக்கிவிட்டு, போயே போயிற்று. அடுத்தது இருபது நிமிசத்தில் வரும். சாமியாத்தாள் மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. காலை நீட்டி வைத்துக்கொண்டு, பாயிடம் இன்னொரு டீ சொன்னாள்.